உங்களுக்குத் தெரியுமா? – மீண்டும் சதங்கை கட்டுவோர்க்கு

1925-ஆம் ஆண்டில் ஏழு வயதுச் சிறுமியாகக் காஞ்சிபுரத்து அம்மன் சந்நிதியில் அரங்கேறிய பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, தம் ஆசான் கந்தப்பப் பிள்ளையின் மறைவையும் மேடை வாய்ப்புக் குன்றிய காலத்தையும் கடந்து மீண்டும் ஆடியபோது, நட்டுவாங்கத் துணையாக அமைந்தவர் அவ்வாசானின் வழிவந்த காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையே.

பாலசரஸ்வதியைப்போல் இடைவெளிக்குப்பின் மீண்டும் ஆட அப்பியாசம் தொடங்குவோர்க்கு மூச்சும் தசைகளும் விரைவில் பழைய நிலையை எய்தினும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் மெதுவாகவே உரம் பெறுகின்றன. ஆதலால் உற்சாகம் மிகும் வாரங்களிலேதான் குதிகாலும் முழங்காலும் ஊறுபடும் அபாயம் அதிகம். அரைமண்டியை அளவோடு தாழ்த்தி, தட்டடவை முதற்காலத்தில் மட்டும் பயின்று, கருங்கல், சிமெண்டுத் தரைகளை இயன்றவரை விலக்கி, மறுநாள் காலையில் வலி எஞ்சாதபோதே இரண்டாம் காலத்துக்குச் செல்லலாம்; முழுமண்டியையும் குதித்தாடும் அடவுகளையும் கடைசிக்கு வைப்பதே, என் துணிபில், உத்தமம்.