செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார்: 'சர்டிஃபைட்' ஸ்டிக்கரை மட்டும் நம்பலாமா? கடலூர், சிதம்பரம் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள்!

'பெட்ரோல் போட்டே சம்பளத்துல பாதி போகுது, பேசாம ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கிடலாமா?' கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே தினமும் வண்டி ஓட்டுகிற பலருக்கும் இந்த யோசனை ஒருமுறையாவது வந்திருக்கும். ஷோரூமுக்குப் போய் புது கார் விலையைக் கேட்டதும், அடுத்து விரல் போய் நிற்பது பழைய கார் விற்கும் ஆப்பில்தான். அங்கே 2020, 2021 மாடல் நெக்ஸான் இ.வி-யும் எம்.ஜி இசட்.எஸ் இ.வி-யும் புது விலையைவிடப் பல லட்சம் குறைவாகக் கண்ணைப் பறிக்கும். பக்கத்திலேயே 'சர்டிஃபைட்' என்று ஒரு பச்சை டிக் வேறு!

கொஞ்சம் பொறுங்க. பெட்ரோல் கார் வாங்குகிற மாதிரி எலெக்ட்ரிக் காரை வாங்க முடியாது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டோ, சைலன்ஸர் புகையைப் பார்த்தோ இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நம்ம ஊரில் இருப்பவர்கள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. ஒன்று, பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கு? இரண்டு, இந்த வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்னுச்சா?

'சர்டிஃபைட்'னா யாரு கொடுத்த சர்டிஃபிகேட்?

முதலில் இதைப் புரிஞ்சுக்கணும். 'சர்டிஃபைட்' முத்திரையைக் குத்துவது அரசாங்கம் இல்லை. வண்டியை விற்கிற கம்பெனிதான். மாருதிக்கு 'ட்ரூ வேல்யூ', ஹூண்டாய்க்கு 'ஹெச் ப்ராமிஸ்', டாடாவுக்கு 'டாடா மோட்டார்ஸ் அஷ்யூர்டு' என்று கார் கம்பெனிகளே பழைய கார் விற்பனையை நடத்துகின்றன. ஆன்லைன் கம்பெனிகளும் இருக்கின்றன. எல்லோருமே நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சோதித்ததாக ஒரு பட்டியல் தருவார்கள். பெயின்ட், டயர், ஏ.சி, பிரேக், வைப்பர் என்று பட்டியல் நீளும். அதில் பேட்டரிக்கு ஒரு எண் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்க. 'பேட்டரி: ஓகே' என்று எழுதியிருந்தால் அது பதிலே இல்லை.

இன்னொரு விஷயம். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள், வாகனப் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டீலர் கையில் வண்டி இருக்கும் காலத்தில் அதற்கு அவர்தான் பொறுப்பு. ஆகவே 'சர்டிஃபைட்' காரா என்று கேட்பதோடு, 'நீங்க அங்கீகாரம் வாங்கின டீலரா?' என்றும் கேளுங்க.

கிலோமீட்டரைவிட முக்கியம் பேட்டரி ஹெல்த்

பழைய போனில் 'பேட்டரி ஹெல்த் 84%' என்று பார்த்திருப்பீங்க இல்லையா? காருக்கும் அதேதான். இதை 'எஸ்.ஓ.ஹெச்' என்பார்கள். புதுசாக இருந்தபோது பேட்டரி பிடித்துவைத்த மின்சாரத்தில், இப்போது எத்தனை சதவிகிதம் பிடிக்கிறது என்பதே அந்த எண். 30,000 கி.மீ மட்டுமே ஓடி, மாதக்கணக்கில் வெயிலில் சும்மா நின்ற காரைவிட, 60,000 கி.மீ ஓடியும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட காரின் பேட்டரி நன்றாக இருக்கலாம். அதனால் ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க.

அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டியை நிறுத்தி, பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க. செலவு உங்களுடையது என்றாலும் பரவாயில்லை. 'அதெல்லாம் தேவையில்ல சார், வண்டி சூப்பரா இருக்கு' என்று விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு ரிப்போர்ட்தான்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம் ஒரு கணக்கு

டெஸ்ட் டிரைவை ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் முடியுங்க. 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் இ.வி-யை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர், அதாவது சுமார் 30 யூனிட். 20 சதவிகிதத்திலிருந்து 80 வரை ஏற்றினால் 60 சதவிகிதம். புது பேட்டரி என்றால் சுமார் 18 யூனிட் ஏற வேண்டும். சார்ஜர் பில்லில் 15.5 யூனிட் என்று வந்தால், 15.5-ஐ 0.6-ஆல் வகுங்க. சுமார் 25.8 வரும். அதாவது பேட்டரியில் மிச்சம் 85 சதவிகிதம்.

இது தோராயக் கணக்குதான். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் மின்சாரம் வீணாகும், சூட்டைப் பொறுத்தும் மாறும். அதனால் இதை வைத்து விலை பேசாதீங்க. விற்பவர் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்க.

ஓட்டும்போதும் ஒரு கண் மீட்டரில் இருக்கட்டும். சார்ஜ் 25, 24, 23 என்று படிப்படியாக இறங்க வேண்டும். 20-லிருந்து திடீரென 10-க்குக் குதித்தால், பேட்டரிக்குள் சில செல்கள் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த வண்டியை சர்வீஸ் சென்டரில் காட்டாமல் வாங்கவே கூடாது.

உங்க ரூட்டுக்கு எவ்வளவு போதும்?

பேட்டரி தேய்ந்திருப்பது எல்லோருக்கும் பிரச்னை இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. போய் வந்தால் 90. முதல் நெக்ஸான் இ.வி-க்குச் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 312 கி.மீ என்றாலும், ஏ.சி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் 200-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். பேட்டரி 80 சதவிகிதத்துக்கு இறங்கியிருந்தாலும் 160 கி.மீ. சிதம்பரம் போய்த் திரும்பி, வெள்ளி கடற்கரையில் காத்து வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் மிச்சம் இருக்கும்.

19.2 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள சின்ன டியாகோ இ.வி என்றால் நிஜத்தில் 150-ஐ ஒட்டி. அதில் 80 சதவிகிதம் 120 கி.மீ. போய்வரலாம், ஆனால் வழியில் பிச்சாவரத்துக்கு ஒரு ரவுண்டு என்று ஆசைப்பட்டால் சார்ஜிங் பாயின்ட் தேட வேண்டியிருக்கும்.

மாதம் நாலு முறை சென்னைக்குப் போகிறவர் என்றால் கதையே வேறு. கடலூரிலிருந்து சென்னை 180 கி.மீ-க்கு மேல், சிதம்பரத்திலிருந்து இன்னும் 45 கூடுதல். தேய்ந்த பேட்டரியோடு போனால் வழியில் நிறுத்தி சார்ஜ் போட்டே ஆகணும். சார்ஜிங் போர்ட்டையும் பாருங்க. இப்போது பரவலாக இருப்பது சி.சி.எஸ்-2. மஹிந்திரா இ-வெரிட்டோ மாதிரி பழைய வண்டிகளில் இது கிடையாது. எம்.ஜி காமெட்டில் டி.சி ஃபாஸ்ட் சார்ஜிங்கே இல்லை. ஊருக்குள் ஓட்ட மட்டும் சரி.

2024 டிசம்பர்ல இந்த வண்டி எங்க நின்னுச்சு?

இதுதான் நம்ம மாவட்டத்துக்கான ஸ்பெஷல் கேள்வி. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2015-ல் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று கடலூர் வாங்காத அடி இல்லை. ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. சென்னையிலிருந்து வருகிற வண்டி என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் சேர்த்துக் கேளுங்க.

'பேட்டரி ஐ.பி 67 சார், தண்ணி போகாது' என்பார்கள். ஐ.பி 67 என்பது, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. நாள் கணக்கில் சேற்று நீரில் நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை; உப்புத் தண்ணீருக்குச் சுத்தமாக இல்லை. 2022-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியபோது, கடல் நீரில் மூழ்கிய சில எலெக்ட்ரிக் கார்கள் தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. பேட்டரிக்குள் போகிற உப்பு, தண்ணீர் காய்ந்த பின்பும் அங்கேயே தங்கி ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி செய்யும் என்பதே காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்க. கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கா?
* கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க. ஈர வாசனை, மணல், சீட் தண்டவாளத்தில் துரு?
* டிக்கிக்கு அடியில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் படிவு இருக்கா?
* ஹெட்லைட்டுக்குள் நீராவி மூட்டம் இருக்கா?
* இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேளுங்க. 'டோட்டல் லாஸ்' என்று எழுதித் தள்ளப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், ரிப்பேராகி மறுபடி சந்தைக்கு வருவதுண்டு.

ஒரு எச்சரிக்கை: ஆரஞ்சு கலர் கேபிள்கள் பல நூறு வோல்ட் மின்சாரம் போகிறவை. கண்ணால் மட்டும் பாருங்க, கை வைக்காதீங்க.

வெள்ளம் பார்க்காத வண்டியாக இருந்தாலும், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டியை உப்புக் காத்து விட்டுவைக்காது. சார்ஜிங் போர்ட் ஊசிகளில் பச்சை, வெள்ளைப் படிவு இருக்கா பாருங்க. லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியையும் பாருங்க. எலெக்ட்ரிக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை கம்மி. அதனாலேயே டிஸ்க்கில் துரு சீக்கிரம் ஏறும்.

வாரண்டி யாருக்கு, எதுவரைக்கும்?

நெக்ஸான் இ.வி பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ வாரண்டி, எது முதலில் வருகிறதோ அதுவரை. கணக்கு தொடங்குவது நீங்க வாங்கும் நாளில் இல்லை, முதல் ஓனர் வாங்கிய நாளில். 2020-ல் வாங்கிய கார் என்றால் 2028-ல் முடிந்துவிடும். சில புது மாடல்களுக்கு விளம்பரப்படுத்தப்படும் 'லைஃப்டைம்' பேட்டரி வாரண்டி முதல் ஓனருக்கு மட்டுமே. உங்க பெயருக்கு வாரண்டி மாறுமா, அதற்கு என்ன செய்யணும் என்பதை சர்வீஸ் சென்டரிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்க.

2024 செப்டம்பரில் எம்.ஜி விண்ட்சர் வந்தபோது, பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் கூடவே வந்தது. அப்படி வாங்கப்பட்ட கார் விலை கம்மியாகத் தெரிந்தால் துள்ளிக் குதிக்காதீங்க. பேட்டரிக்கான பாக்கி யார் தலையில் என்று முதலில் கேளுங்க.

பேப்பர் வேலை: பி.ஒய் நம்பரா, டி.என் நம்பரா?

பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் பி.ஒய் நம்பர் வண்டிகள் நிறையக் கண்ணில் படும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, கடலூர் அல்லது சிதம்பரம் ஆர்.டி.ஓ-வில் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான அலைச்சலையும் செலவையும் விலையில் கழிச்சுப் பேசுங்க.

நம்பர் பிளேட்டையும் கவனிங்க. சொந்த உபயோக எலெக்ட்ரிக் காருக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. டாக்ஸிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்பதை ஆர்.சி-யிலும் எம்-பரிவாஹன் ஆப்பிலும் சரிபாருங்க. கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். பெயர் மாறிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்க பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

'ஜி.எஸ்.டி 18 சதவிகிதம் தனி' என்று டீலர் சொன்னால் உஷார். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி கவுன்சில் எடுத்த முடிவின்படி, அந்த வரி டீலரின் லாபத்துக்குத்தான். காரின் முழு விலைக்கு இல்லை. தனிநபர் தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி-யே கிடையாது.

கடைசியாக, காரின் மொபைல் ஆப்பிலிருந்து பழைய ஓனரின் கணக்கை உங்க கண் முன்னாடியே நீக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் உங்க கார் எங்கே நிற்கிறது என்பது அவருடைய போனிலும் தெரியலாம்.

வீட்டுல சார்ஜ் போட ரெடியா?

எர்த்திங் சரியாக உள்ள 15 ஆம்பியர் பாயின்ட் போதும். ஆனால் வீட்டு ஒயரிங்கை எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்க. மாதம் 1,000 கி.மீ ஓட்டினால் சுமார் 150 யூனிட். இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க. வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் இருக்கா, வேலை செய்யுதா என்று போட்டுப் பார்த்தே வாங்குங்க.

எஸ்.ஓ.ஹெச் ரிப்போர்ட், சர்வீஸ் ஹிஸ்டரி, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம், வாரண்டி மாற்றக் கடிதம். இந்த நாலு பேப்பரும் கைக்கு வந்தால், தைரியமாக விலை பேசுங்க. ஒன்று குறைந்தாலும் அடுத்த வண்டியைப் பாருங்க. ஆப்பில் கார்களுக்கா பஞ்சம்?