பையில் பிளாக் இருக்கிறதா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ‘அபூர்வமான கட்டி’ என்று டாக்டர் சொன்னதும் பிள்ளைகள் செல்போனில் தேடுகிறார்கள். பிறகு ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே “பிளாக் எங்கே?” என்று கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள். அது ஊரில், பயாப்ஸி செய்த லேபில் கிடக்கும்.

வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். அதிலிருந்து சீவியதுதான் ஸ்லைடு. வயிற்றில் வரும் ‘ஜிஸ்ட்’ கட்டியும் சாதாரணத் தசைக்கட்டியும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரியலாம். பிளாக்கில் செய்யும் கூடுதல் சோதனைதான் பிரித்துக் காட்டும். ஜிஸ்ட் என்றால் வழக்கமான கீமோ பெரிதாகக் கேட்காது, இமாடினிப் மாத்திரை பெரும்பாலும் கேட்கும். நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013இல் உச்ச நீதிமன்றம் மறுத்ததால் மலிவான இமாடினிப்பும் கிடைக்கிறது. நோயின் பெயர் தப்பினால் மருந்தே தப்பு.

ஆகவே வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். நோயாளி பெயர், உள்நோயாளி எண், பயாப்ஸி எண் குறிப்பிட்டு, பிளாக், ஸ்லைடு, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனு. நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. “அதெல்லாம் கொடுக்கிறதில்லை” என்று கவுன்ட்டரில் சொல்வது விதியல்ல, சோம்பல். பிளாக்கைத் தரத் தயங்கினால், சாயமேற்றாத ஸ்லைடுகளையாவது சீவித் தரச் சொல்லுங்கள். பிளாக்கை வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. விசாரித்துக் கிடைக்கும் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. அட்டையை அட்மிஷன் போடும்போதே காட்டுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அலையாதீர்கள்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில்தான் ஏற வேண்டும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. சிகிச்சை தரும் மருத்துவமனை கையெழுத்திட்ட படிவம் அவசியம்.

மறுபடி சொல்கிறேன்: கிளம்பும்முன் பையைத் திறந்து பாருங்கள். பிளாக் இல்லையென்றால் பஸ் ஏறாதீர்கள். முதலில் லேபுக்குப் போங்கள்.