வெள்ளெழுத்துக்கு லேசர் ஒரு தடவை போதுமா?

எங்க அம்மா ஜாக்கெட் தைப்பாங்க. வயசு 43. இப்போ ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுறாங்க. இதுதான் வெள்ளெழுத்து. 40 வயதுக்கு மேல் கண்ணுக்குள் உள்ள லென்ஸ் இறுகுவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும்.

"லேசர் வெச்சா கண்ணாடியே வேண்டாமாமே?" என்று அம்மா கேட்டாங்க. கண் முகாமுக்கு வந்த டாக்டரிடம் கேட்டேன்.

லேசர் முன்னால் இருக்கும் கருவிழியைத்தான் செதுக்கும். உள்ளே லென்ஸ் மேலும் இறுகிக்கொண்டே போகும். அதனால் சில வருஷத்தில் மறுபடி மங்கலாம், மறுபடி லேசர் தேவைப்படலாம். ஆனால் கருவிழியின் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். செதுக்கியது திரும்ப வளராது. மீதி போதுமா என்று அளந்த பிறகே டாக்டர் மறுபடி செய்வார். கண்ணாடி என்றால் பவரை மாற்றினால் போதும்.

அம்மா கண்ணாடி போட்டுட்டாங்க. நூலையும் அவங்களே கோர்க்கிறாங்க!

உங்க வீட்டில் யாராவது பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாங்களா? கண் டாக்டரிடம் கூட்டிப் போங்க.