ஸீனும் ஸாவும் பிரிந்து கேட்க ஒரு ஸ்பீக்கர்

வத்தேகமையில் என்னிடம் ஓத வரும் ஒரு சிறுமி, 'ஸா' வரும் இடங்களிலெல்லாம் 'ஸீன்' என்றே ஓதுவாள். திருத்தினால் சரியாகச் சொல்வாள், மறுநாள் பழையபடிதான். "மௌலவி, வீட்ல கேக்குற ரெகோடிங்கிலயும் அப்படித்தானே கேக்குது" என்றார் அவளது உம்மா. போய்க் கேட்டேன். அவர் சொன்னது உண்மை. பிழை காரியிடத்தில் இல்லை, பெட்டியில் இருந்தது. கைத்தொலைபேசியை ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியுடன் இணைத்திருந்தார்கள். அதில் 8 அங்குல வூபர் மட்டுமே வேலை செய்தது. மேல் ஒலிக்கான டுவீட்டர் எப்போதோ செத்துவிட்டது.

தமிழில் ஸீன், ஸாத், ஸா மூன்றுக்கும் 'ஸ' என்ற ஒரே எழுத்தையே எழுதிப் பழகிவிட்டோம். ஆகவே காதுதான் துணை. ஸீனின் சீறல் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையே கடத்தும். அதனால்தான் அதில் பெயரைச் சொல்லும்போது 'ஸ'வா 'ஃப'வா என்று திருப்பிக் கேட்கின்றார்கள். டுவீட்டர் இல்லாத பெட்டியிலும் இதுவே நடக்கின்றது.

வூபரும் டுவீட்டரும் உள்ள பெட்டியில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் குரொஸ்ஓவர் என்ற பாகம் வேண்டும். அது பெரும்பாலும் 2000, 3000 ஹேர்ட்ஸ் அளவில் பிரிக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதை அடுத்ததுதான். மலிவான குரொஸ்ஓவர் அங்கேயே குரலைக் கெடுத்துவிடும். ஓர் அறையில் குரல் கேட்க, எல்லா ஒலியையும் தானே எழுப்பும் 'புல்ரேஞ்ச்' ஸ்பீக்கர் ஒன்று போதும். இது புதுமையன்று. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெலொக் இருவரும் வெளியிட்ட ஸ்பீக்கரும் ஒற்றைக் கூம்புதான். கொழும்பில் வானொலி தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான்.

எதைத் தேர்வது? முதலில் அளவு. பெரிதென்றால் நல்லது என்று எண்ணாதீர்கள். 10,000 ஹேர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீற்றர். 8 அங்குலக் கூம்பு அதை நேர் எதிரே மட்டும் பாய்ச்சும். பக்கத்தில் அமர்ந்த பிள்ளைக்கு 'ஸ' போய்ச் சேராது. 3 அல்லது 4 அங்குலமே நமக்கு ஏற்றது.

பெட்டியில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. வோட் கணக்கை நம்ப வேண்டாம். அது விற்பனைக்கான எண். 1 வோட்டுக்கு 1 மீற்றரில் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 87 உள்ளதைவிட 90 உள்ளது பாதி மின்வலுவில் அதே சத்தம் தரும். அம்ப்ளிபயரில் 8 ஓம் என்று மட்டும் எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். விபரத்தாளில் கோடு 10,000 ஹேர்ட்ஸைத் தாண்டியும் பெரிய பள்ளமின்றிச் செல்ல வேண்டும்.

நம் மலைப் பக்கத்து ஈரத்தில் ஸ்பொஞ் விளிம்பு சில வருடங்களில் உதிர்ந்துவிடும். றப்பர் அல்லது துணி விளிம்பு நல்லது. பழைய வானொலியிலிருந்து கழற்றியதானால் கூம்பை இரு பக்கமும் விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் எடுக்க வேண்டாம்.

அந்த வீட்டுக்கு 3 அங்குலம், 8 ஓம் ஒன்றைத் தேர்ந்தோம். மிஞ்சிய பலகையில் 3 லீற்றர் அளவில் பெட்டி. மூட்டுகளில் காற்றுப் போகாமல் பசையிட்டு, உள்ளே கொஞ்சம் இலவம் பஞ்சு வைத்தோம். இரண்டு கம்பிகள், அவ்வளவுதான்.

இப்போது 'ஸா' தனியே கேட்கின்றது. சிறுமியின் நாவும் மெதுவாகத் திருந்தி வருகின்றது. அவளது நானாவுக்கு மட்டும் மனக்குறை: பெட்டியில் முன்போல் 'தும் தும்' இல்லையாம். உண்மைதான், 3 அங்குலத்தில் அது வராது.