ஆடு போன மலையும் ஆள் வராத விடுதியும்

கிராமப்புறச் சுற்றுலா என்பது ஓர் ஊரின் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மலைப்பாதையையும் நாடி வருகிறவர்கள், அங்கே தங்கி, உண்டு, சிறிது பொருள் வாங்கி, விட்டுச் செல்லும் பணத்தால் நடப்பதாகும். அந்தப் பணம் ஒரே கையில் தங்குவதில்லை. விடுதி நடத்துபவரிடமிருந்து இறைச்சிக் கடைக்கும், அங்கிருந்து ஆடு வளர்ப்பவருக்கும், துணி வெளுப்பவருக்கும், வாடகை வண்டி ஓட்டுநருக்கும், கற்சுவர் கட்டும் தொழிலாளிக்கும் பிரிந்து ஓடுகிறது. மடை அடைபட்டால் எந்த வாய்க்கால் எந்த நாளில் காயும் என்பது வெளியே இருப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பெருந்துயருக்குப் பின் இத்தகைய ஊர்களை நிமிர்த்த முனையும் அரசுகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு நிகழ்ந்த கால்நடை நோய்ப் பரவலும், அதன் பின் கம்ப்ரியா என்னும் மலைப் பகுதி பட்ட பாடும் இதற்கு மிகத் தெளிவான சான்று.

அந்த நோய் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் புதியதன்று. கோமாரி என்றும் கால்வாய்க் காணை என்றும் நம் ஊர்களில் சொல்லப்படுகிற அதே நோய்தான் அது. குளம்பிடுக்கிலும் நாக்கிலும் கொப்புளம் கண்டு, மாடும் ஆடும் பன்றியும் தீனி எடுக்க முடியாமல் வாடும் நோய். மனிதரை அது தாக்குவது அரிதினும் அரிது. வளர்ந்த கால்நடைகளில் பல பிழைத்துக்கொள்ளும் என்றாலும் பரவும் வேகம் மிகுதி என்பதால், இந்தியாவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுகிறார்கள். பிரிட்டன் வேறு வழியில் சென்றது. நோயற்ற நாடு என்ற தகுதியை விரைவில் மீட்டால்தான் இறைச்சியையும் கால்நடையையும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய முடியும் என்று கருதி, நோய் கண்ட பண்ணையிலும் அதை ஒட்டிய பண்ணைகளிலும் இருந்த கால்நடைகளைக் கொன்று அழிப்பதையே கொள்கையாகக் கொண்டது.

2001 பிப்ரவரி 20 அன்று எசெக்ஸ் பகுதியில் உள்ள இறைச்சிக்கூடம் ஒன்றில் நோய் உறுதிசெய்யப்பட்டது. இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் இருந்த பன்றிப் பண்ணை ஒன்றில் சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தீனியாகக் கொடுத்ததிலிருந்து அது தொடங்கியிருக்க வேண்டும் என்று பின்னர் கண்டறியப்பட்டது. கால்நடைகளை இடம் மாற்றுவதற்குப் பிப்ரவரி 23 அன்று தடை வருவதற்குள், ஆட்டுச் சந்தைகளின் வழியாக நோய் நாடெங்கும் பரவிவிட்டிருந்தது. கம்ப்ரியாவின் எல்லையில் உள்ள லாங்டவுன் சந்தை அவற்றுள் முதன்மையானது. செப்டம்பர் 30 அன்று கம்ப்ரியாவின் ஆப்பிள்பி அருகே கடைசி நோய்த்தொற்று பதிவாகும் வரை பிரிட்டனில் 2,026 பண்ணைகள் நோய் கண்டவையாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 893 கம்ப்ரியாவில் மட்டும் இருந்தன. நாடெங்கும் கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல். மே மாதம் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல்கூட ஜூன் 7-க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பொதுத்தேர்தலும் அதே நாளில் நடந்தது.

கம்ப்ரியாவின் நடுவில்தான் லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரிப் பகுதி இருக்கிறது. 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த மலைநாட்டுக்கு மக்கள் வருவது நடப்பதற்காகவே. உழவர் நிலங்களின் ஊடாகவும் வேலியற்ற பொது மேய்ச்சல் மேடுகளின் மீதும் செல்லும் நடைபாதைகளில் நாள் முழுதும் நடந்துவிட்டு, மாலையில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, காலையில் முட்டையும் இறைச்சியும் உண்டு புறப்படுவது அங்கு வரும் பயணியின் வழக்கம். நோய் பரவிய சில நாட்களிலேயே நடைபாதைகளை ஒட்டுமொத்தமாக மூடும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு வழங்கப்பட்டது. நோயின் அறிகுறியே இல்லாத வட்டாரங்களிலும் பாதைகள் அடைபட்டன. நோயைப் பரப்பியதில் பெரும்பங்கு கால்நடைகளின் நடமாட்டத்துக்கு உரியது. நடந்துசெல்லும் மனிதரால் விளையக்கூடிய ஆபத்து அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனாலும் மூடுவதற்கு ஓர் ஆணை போதுமாக இருந்தது போலத் திறப்பதற்கு ஒரு வழிமுறை வகுக்கப்படாததால், பல பாதைகள் மாதக்கணக்கில் மூடியே கிடந்தன. நாடு முழுவதும் பாதைகளை அடைத்தது தவறு என்பதை அரசே அமைத்த ஆண்டர்சன் விசாரணை 2002-இல் ஏற்றுக்கொண்டது. போதாக்குறைக்கு, கொன்ற மாடுகளை அடுக்கி எரித்த சிதைகளின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் இறைச்சி உண்ணலாமா என்று கேட்டுப் பயணத்தைக் கைவிட்ட வெளிநாட்டினரும் இருந்தனர்.

இங்கே சுற்றுலாத் தொழிலின் ஓர் அடிப்படை இயல்பைச் சொல்லியாக வேண்டும். நெல் விற்காவிட்டால் மூட்டையில் வைத்து அடுத்த மாதம் விற்கலாம். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. அது அந்த இரவோடு அழிந்துபோகும் சரக்கு. கடன் தவணை, காப்பீடு, பணியாளர் ஊதியம் ஆகியவையோ அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் மாறாமல் வந்து நிற்கும். மலைநாட்டு விடுதிகள் ஈஸ்டர் விடுமுறை தொடங்கி இலையுதிர்காலம் வரை ஈட்டுவதைக் கொண்டு குளிர்காலத்தைக் கடக்கின்றன. நோய் வந்தது பிப்ரவரி இறுதியில். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. குளிர்காலம் முழுதும் செலவழித்து, கையிருப்பு கரைந்து, பருவம் தொடங்கவிருந்த வேளையில் வாசல் மூடப்பட்டது.

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2002-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த நோயால் அரசுக்கு ஏற்பட்ட செலவு 300 கோடி பவுண்டுக்கும் மேல். தனியார் துறைக்கு ஏற்பட்ட இழப்பு 500 கோடி பவுண்டுக்கும் மேல். சுற்றுலாவின் இழப்பு வேளாண்மையின் இழப்புக்குக் குறையாதது என்பது பொருளியல் ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆனால் கொல்லப்பட்ட கால்நடைக்குத் தலைக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு, நூறு கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட இழப்பீட்டை அரசு உழவர்களுக்கு வழங்கியபோது, வராமல் போன விருந்தினருக்கு இழப்பீடு என்று எதுவும் இல்லை. நோயால் நேரடியாக அழிந்த சொத்துக்கு ஈடு உண்டு, அதன் விளைவாக நின்றுபோன வருமானத்துக்கு ஈடு இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. உழவருக்குக் கொடுத்ததைக் குறை சொல்வதற்கில்லை. அது நியாயமானது, சட்டப்படி உரியதும்கூட. எண்ணிப் பார்க்கக்கூடிய பிணங்களை மட்டும் இழப்பாகக் கருதியதுதான் பிழை.

சுற்றுலாத் தொழில்களுக்குக் கிடைத்தவை வேறு வகை உதவிகள். வரிகளைச் செலுத்தத் தவணை நீட்டிக்கப்பட்டது. சிறு தொழில்களுக்கான கடன் உறுதித் திட்டம் விரிவாக்கப்பட்டது. வணிகக் கட்டட வரியில் சலுகை அளிக்கும் கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு ஏற்படும் இழப்பில் நடுவண் அரசு ஏற்கும் பங்கு 75 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வட்டார வளர்ச்சி முகமைகள் வழியாகத் தொழில் மீட்பு நிதி என்ற பெயரில் சிறு மானியங்கள் வழங்கப்பட்டன. இவை யாருக்கும் பயன்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தள்ளிவைத்த வரி என்றாவது கட்ட வேண்டிய வரியே. இழந்த பருவத்தை ஈடுகட்ட வாங்கிய கடன், திரும்பி வராத வருமானத்தின் மேல் ஏறிய சுமையே. மேலும், ஆறு பேருக்கு மேல் தங்கவைக்காத சிறு வீட்டு விடுதிகள் பிரிட்டனில் வணிகக் கட்டட வரி செலுத்துவதில்லை. வீட்டு வரிதான் செலுத்துகின்றன. ஆகவே அந்தச் சலுகை அவற்றுக்குப் பொருந்தவே இல்லை. மலைப் பண்ணைகளில் பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று அறைகளை நடத்துபவர் குடும்பத் தலைவி. ஆட்டில் வரும் வருமானம் குறைந்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்குவது அவர் கையில் வரும் அறை வாடகை. நோய் கண்ட பண்ணையிலோ, கணவரின் ஆடுகளுக்கு ஈடு கிடைத்தது. அதே கூரையின் கீழ் நடந்த மனைவியின் விடுதிக்குக் கிடைக்கவில்லை.

ஆடும் விருந்தினரும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை ஹெர்ட்விக் ஆடுகளைக் கொண்டு விளக்கலாம். பிறக்கும்போது கறுப்பாக இருந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகி, உறைபனி படர்ந்ததுபோல் வெளுத்த முகத்தோடு நிற்கும் இந்த நாட்டினத்தின் மிகப் பெரும்பகுதி, உலகிலேயே ஏரிப் பகுதியின் சில பள்ளத்தாக்குகளில்தான் வாழ்கிறது. மேடுகளில் வேலி கிடையாது. ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையைத் தானே அறியும். தாயாட்டின் பின்னால் மேய்ந்து திரியும் குட்டி, எந்த ஓடை வரை நம் நிலம், பனிப்புயலில் எந்தப் பாறையின் மறைவு பாதுகாப்பு என்பதைக் கற்றுக்கொள்கிறது. அது தாயாகும்போது தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. ஹெஃப்ட் என்று அவ்வூரார் சொல்லும் இந்த மேய்ச்சல் நினைவு பல நூற்றாண்டுகளாக அறுபடாமல் வருவது. மந்தையைக் கொன்றால் அந்த நினைவும் அதோடு போய்விடும். சந்தையில் வாங்கி மேயவிட்ட புது ஆடுகள் மலையில் வழி தெரியாமல் அலையும், அவற்றுக்கு எல்லையைப் பழக்க ஆண்டுக்கணக்கில் காவல் நிற்கவோ தற்காலிக வேலி போடவோ வேண்டும். அந்த மலை மொட்டையாக, பச்சையாக, கற்சுவர்கள் வரிவரியாக ஓடக் காட்சி தருவது ஆடு மேய்வதால். பயணி பணம் கொடுத்துக் காண வரும் காட்சியை உருவாக்கியவை அந்த ஆடுகள். ஆனால் அந்த வேலைக்கு எந்தக் கணக்கேட்டிலும் தனியே ஒரு பத்தி இல்லை.

முயல் கதைகளால் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் இதை முன்பே உணர்ந்திருந்தார். 1943-இல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்புக்கு விட்டுச் சென்றதோடு, அப்பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர்ந்து வளர்க்கப்பட வேண்டும் என்றும் எழுதிவைத்தார். 2001-இல் இந்த இனத்தின் கணிசமான பகுதி அழிந்த நிலையில், இனமே அற்றுப்போய்விடுமோ என்ற அச்சத்தில் அறிவியலாளர்கள் நாட்டினங்களின் விந்தையும் கருவையும் உறைநிலையில் சேமித்தார்கள்.

பணத்தில் அடங்காத இழப்பும் இருந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடக்குக் கம்ப்ரியாவைச் சேர்ந்த 54 பேரை, உழவர், சிறு தொழில் செய்வோர், மருத்துவப் பணியாளர், அழிப்புப் பணியில் ஈடுபட்டோர் என்று பல தரப்பிலிருந்தும் தேர்ந்து, 18 மாதம் வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதச் செய்தார்கள். இது கால்நடைகளுக்கு நேர்ந்த இடர் மட்டுமன்று, மனிதருக்கு நேர்ந்த பேரிடர் என்பதே அந்த ஆய்வின் முடிவு. நோய் ஓய்ந்த பிறகும் உறக்கம் கலையும் இரவுகளும், அதிகாரிகள் மீது திரும்பி வராத நம்பிக்கையும் அந்தக் குறிப்புகளில் நிறைந்திருந்தன. சந்தை மூடியதால் உழவர்கள் ஒருவரை ஒருவர் காணும் இடமும் இல்லாமல் போனது. கிராமத்தில் சந்தை என்பது விற்கும் இடம் மட்டுமன்று என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மீட்சி மெதுவாகவே வந்தது. அதில் நிலைத்தவை உழவையும் விருந்தினரையும் ஒன்றாகக் கட்டிய முயற்சிகள். வெளியூரிலிருந்து வரும் உறை இறைச்சியை விடுதியில் பரிமாறினால் பயணி தந்த பணம் அன்றே ஊரை விட்டுப் போய்விடும். பக்கத்துப் பண்ணை ஆட்டைப் பரிமாறினால் அது ஊருக்குள் இன்னொரு சுற்று சுற்றும். பொருளியலார் இதைப் பெருக்க விளைவு என்பர். கம்பர்லாந்து சாசேஜ் என்னும் சுருள் இறைச்சிப் பண்டம் 2011-இலும், லேக்லாண்டு ஹெர்ட்விக் ஆட்டிறைச்சி 2013-இலும், நம் புவிசார் குறியீட்டைப் போன்ற ஐரோப்பியப் பாதுகாப்பைப் பெற்றன. 2017-இல் யுனெஸ்கோ ஏரிப் பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, இயற்கை அழகோடு மலை உழவரின் மேய்ச்சல் வாழ்வும் அதற்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது.

அரசும் சிலவற்றைக் கற்றுக்கொண்டது. 2007-இல் இங்கிலாந்தின் தெற்கே சர்ரே பகுதியில் அதே நோய் தலைகாட்டியபோது நாடளாவிய பாதை அடைப்பு இல்லை. நோய் கண்ட இடத்தைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் பாதைக் கட்டுப்பாடு நின்றது, எட்டுப் பண்ணைகளோடு நோயும் நின்றது. 2020-இல் கொரோனாவால் வாசல்கள் மீண்டும் அடைபட்டபோது, விருந்தோம்பல் தொழில்களுக்குக் கடனாக அல்லாமல் மானியமாகவே பணம் தரப்பட்டது: சிறிய தொழில்களுக்கு 10,000 பவுண்டு, சற்றே பெரியவற்றுக்கு 25,000 பவுண்டு. பணியாளர் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்றது. உணவுக்கும் தங்கலுக்குமான மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனால் அந்த மானியமும் முதலில் வணிகக் கட்டட வரிப் பட்டியலை வைத்தே வழங்கப்பட்டதால், வீட்டு வரி செலுத்தும் சிறு வீட்டு விடுதிகள் இந்த முறையும் பட்டியலுக்கு வெளியே நின்றன. அவற்றை நடத்துவோர் குரல் எழுப்பிய பிறகு, 2020 மே மாதத்தில் உள்ளாட்சிகளின் விருப்ப நிதி ஒன்றின் வழியாக அவர்களுக்கும் வழி திறக்கப்பட்டது. 2001-இல் அதே அறைகளைக் காலியாக வைத்துக் காத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கடைசிவரை வழங்கப்படவில்லை.