பிணைய நிலைமாற்றிக்கு யுபிஎஸ் இணைத்தல்

நெட்வொர்க் சுவிட்ச் எனப்படும் பிணைய நிலைமாற்றி, ஓரிடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவியாகும். கணினிகளுக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து நிலைமாற்றிக்கு இல்லையெனில், மின்தடையின்போது கணினிகள் இயங்கினாலும் அவற்றுக்கிடையே தொடர்பு அறுந்துவிடும். இணையத் தொடர்பும் வேண்டுமெனில் மோடம், ரூட்டர் ஆகியவற்றையும் யுபிஎஸ்ஸுடன் இணைக்க வேண்டும்.

மின்சுமைக் கணக்கீடு

சிறிய, சாதாரண நிலைமாற்றிக்குச் சில வாட் மின்சாரமே போதும். பிஓஇ வகை நிலைமாற்றியோ ஈதர்நெட் வடம் வழியாகவே கண்காணிப்புக் கேமரா, ஐபி தொலைபேசி போன்றவற்றுக்கு மின்சாரம் தருகிறது. எனவே அவற்றின் சுமையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2003-இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.3ஏஎஃப் தரத்தின்படி ஒரு போர்ட் அதிகபட்சம் 15.4 வாட் வழங்கும். 24 போர்ட்டுகளும் முழு அளவில் வழங்கினால் இது ஏறத்தாழ 370 வாட் ஆகும்.

யுபிஎஸ்ஸின் திறன் பெரும்பாலும் விஏ அளவில் குறிக்கப்படுகிறது. 600 விஏ யுபிஎஸ்ஸின் திறன் காரணி 0.6 எனில், அது தாங்குவது 360 வாட் மட்டுமே. விஏ அளவை வாட் எனக் கருதி வாங்கினால், மின்தடை ஏற்பட்டவுடன் மிகைச்சுமையால் யுபிஎஸ் நின்றுவிடக்கூடும். கேமராக்களும் தொலைபேசிகளும் ஒருசேரச் செயலிழக்கும்.

இணைக்கும் முறை

1. யுபிஎஸ்ஸை நில இணைப்புள்ள மூன்று துளைப் பிளக் பாயிண்டில் இணைத்து, மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற வேண்டும்.
2. நிலைமாற்றியின் மின்வடத்தை, யுபிஎஸ்ஸில் மின்கல ஆதரவுள்ள வெளியீட்டில் செருக வேண்டும். சில யுபிஎஸ்களில் மின்னெழுச்சிப் பாதுகாப்பு மட்டும் தரும் வெளியீடுகளும் உண்டு. மின்தடையின்போது அவற்றில் மின்சாரம் வராது.
3. பிளக்கைப் பிடுங்காமல், சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்துச் சோதிக்க வேண்டும். பிடுங்கினால் நில இணைப்பும் துண்டிக்கப்படும்.