வழியற்ற தொழிலாளிக்கு இந்தியத் தூதரக நிதி: யாருக்குக் கிடைக்கும்?

உணவகத்திலோ முடிதிருத்தும் கடையிலோ வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர் திடீரென இறந்துவிட்டால், உடலை ஊருக்கு அனுப்பும் செலவு யாருடையது? முதலாளி கைவிரித்தால் சக தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் திரட்டுகிறார்கள். அதற்கு முன் கேட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு.

'இந்திய சமூக நல நிதி' 2009-இல் இந்திய அரசால் தொடங்கப்பட்டது. கோலாலம்பூர், சிங்கப்பூர் உட்பட வெளிநாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்கள் இதனை நிர்வகிக்கின்றன. கடப்பிதழ், விசா போன்ற சேவைகளின்போது வசூலிக்கப்படும் சிறு தொகைதான் இதன் முக்கிய வருவாய். ஆகவே, கடப்பிதழைப் புதுப்பிக்கும் தொழிலாளியின் காசும் இதில் இருக்கிறது.

2017 செப்டம்பரில் இதன் விதிமுறைகள் விரிவாக்கப்பட்டன. தற்காலிகத் தங்குமிடம், அவசர சிகிச்சை, சட்ட உதவி, ஊர் திரும்ப விமான டிக்கெட் ஆகியவற்றுக்கு உதவி கோரலாம். தம் தவறின்றி விசா காலாவதியானவரின் அபராதத்துக்கும் உதவி பெற வழியுண்டு. முதலாளியோ காப்புறுதியோ பொறுப்பேற்காமல், குடும்பத்துக்கும் வசதியில்லாவிட்டால், உடலை அனுப்பவும் இங்கேயே இறுதிச்சடங்கு நடத்தவும் கேட்கலாம். வசதியை ஆராய்ந்த பிறகே தூதரகம் முடிவெடுக்கும்.

இந்த உதவி இந்தியக் குடிமக்களுக்குரியது. தலைமுறைகளாக இங்கு வாழும் மலேசியக் குடிமக்களுக்குப் பொருந்தாது. ஆனால், தவித்து நிற்கும் தொழிலாளிக்கு விவரத்தை முதலில் சொல்லக்கூடியவர் பக்கத்து வீட்டுத் தமிழர்தான். கடப்பிதழின் நகலைக் கைப்பேசியில் வைத்திருக்கவும் அவரிடம் சொல்லிவையுங்கள். அவசரத்தில் அடையாளத்தை உறுதிசெய்ய அது உதவும்.